காய்ச்சல் கடிதம்

“பொய் சொல்ற புள்ளைய எப்படி சார் திருத்துறது?”

கேட்டவள் மாரீஸ்வரி. பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவள். வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மனசில் எது உறுத்தினாலும் தலைமையாசிரியர் பீர் முகமதுவிடம்தான் வந்து நிற்பாள். அவர் தமிழ் படித்தவர். அளந்து பேசுகிறவர்.

“யாரு?”

“செல்லக்கனி. பதினாறு நாளா வரல. லெட்டர் மட்டும் வருது. மூணு லெட்டர். மூணுலயும் காய்ச்சல்.”

“வந்திருக்கும்.”

“முந்தாநாள் பஸ்ல வரும்போது என் கண்ணால பாத்தேன் சார். அடிபம்புல தண்ணி அடிச்சுக்கிட்டு நிக்கிறா. பக்கத்துல நாலு குடம். காய்ச்சல்காரி அடிக்கிற அடியா அது?”

ஒரு தாளை மேசையில் வைத்தாள். செல்லக்கனியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் தாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தப் பிள்ளைக்கு இந்த வருஷம் பொதுத்தேர்வு கிடையாது.

பீர் முகமது பேனாவை எடுக்கவில்லை. சுவரில் தொங்கிய கம்பியை எடுத்தார். விடுப்புக் கடிதங்களைக் குத்தி வைத்திருந்த கம்பி. ஒன்றை உருவினார்.

“இது?”

“வாசுகி. அவ அக்கா கல்யாணத்துக்குப் போட்ட லீவு.”

“என்னன்னு எழுதியிருக்கா?”

“காய்ச்சல்னு.”

இன்னொன்றை உருவினார்.

“கருப்பசாமியோடது சார். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு.”

“எழுதியிருக்கது?”

மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காய்ச்சல்தான் சார்.”

“உங்க கிளாஸ்ல கொசு ஜாஸ்தி போல.”

“நான் போர்டுல எழுதிப் போட்ட லெட்டர் சார் அது. அப்படியே மனப்பாடம் பண்ணி வச்சிருக்குதுங்க. ஆனா ஒரு தப்பு பாத்துட முடியாது. அதுக்குத்தானே இந்தப் பாடு படுறேன். காலேஜ்ல நான் வாயத் திறந்தாலே சிரிப்பாங்க. எங்க வீட்டுல எனக்குச் சொல்லிக் குடுக்க யாரு இருந்தா? இதுங்களுக்கு அந்தக் கதி வரக்கூடாது.”

“அவ ஏன் வரலன்னு கிளாஸ்ல கேட்டீங்களா?”

“தினமும் கேக்குறேன். ‘ஃபீவர் டீச்சர்’னு மொத்தமா கத்துதுங்க.”

பீர் முகமது எழுந்தார். பத்தாம் வகுப்பை நோக்கி நடந்தார். அவள் பின்னால் போனாள்.

வகுப்பு எழுந்து நின்று ‘குட் மார்னிங் சா...ர்’ என்று இழுத்தது.

கரும்பலகையின் மேல் மூலையில், கட்டம் கட்டிய ஒரு வரி இருந்தது. இந்த வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிய வரி. மாரீஸ்வரி ஜூன் மாதம் எழுதியது. அன்றிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை.

பீர் முகமது டஸ்டரை எடுத்து அதை அழித்தார்.

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பையன்கள் அலறியடித்து இடம் விட்டார்கள்.

“இப்பக் கேளுங்க டீச்சர்.”

மாரீஸ்வரி வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

“செல்லக்கனி ஏன் ஸ்கூலுக்கு வரல?”

“ஏய், டீச்சர் தமிழ் பேசுறாங்கடி,” என்று ஒரு குரல் கிசுகிசுத்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

வாசுகி எழுந்தாள். செல்லக்கனியின் தெருவில் இருப்பவள். மூன்று கடிதங்களையும் கொண்டுவந்தவள்.

“அவ அம்மா செத்துப்போச்சு டீச்சர். காட்டு வேலைக்குப் போன எடத்துல பாம்பு கடிச்சிருச்சு.”

“எப்ப?”

“மொத லெட்டர் கொண்டாந்தேன்ல, அன்னிக்குத்தான். அம்மாவ இன்னும் தூக்கக்கூட இல்ல. எழுதிக் குடுத்துட்டா.”

அந்தக் கடிதம் மாரீஸ்வரியின் கண்ணுக்குள் வந்து நின்றது. ஓரம் மடித்து, கோடு போட்டு, முத்து முத்தான எழுத்து. சிவப்பு மையில் ஒரு டிக் அடித்து, கீழே ‘குட்’ என்று போட்டிருந்தாள்.

தம்பி தங்கச்சி யாராவது இருப்பார்களா, சோறு யார் ஆக்குகிறார்கள், நாலு குடம் யாருக்கு என்றெல்லாம் கேட்க வேண்டும் போல இருந்தது. வாயில் வேறு கேள்விதான் வந்தது.

“அம்மா செத்துப்போச்சுன்னு எழுதத் தெரியாதா அவளுக்கு?”

“எழுதினா டீச்சர். மொதல்ல அதத்தான் எழுதினா. அப்புறம் கிழிச்சுப் போட்டுட்டா.”

“ஏன்டி?”

வாசுகி திரும்பி பீர் முகமதுவைப் பார்த்தாள். அவர் தலைகுனிந்தபடி இருந்தார்.

“அதுல தப்பு இருந்தா, அதையே பத்து தடவ எழுதச் சொல்லுவீங்கள்ல டீச்சர். அத மட்டும் பத்து தடவ எழுத முடியாதுடின்னா.”