படகில் ஏறிய கல்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைநாடு என்று ஒரு தேசம் இருந்தது. அதை ஆண்டவன் செங்கோடன் என்கிற ராஜா. நல்ல மனுஷன்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் பெயர்ப் பைத்தியம். கட்டியக்காரன் காலையில் ஒரு பட்டத்தைச் சொல்லாமல் விட்டால் போதும், அன்றைக்கு ராஜாவுக்குச் சாப்பாடே இறங்காது.

அவனுடைய மந்திரி சாத்தப்பர் ஒருநாள் சபையில் சொன்னார்: "மகாராஜா, பெரிய மடங்களுக்கு அள்ளிக் கொடுக்கிறோம். ஊருக்கு ஊர் நாலு பேர் சேர்ந்து தண்ணீர்ப்பந்தல் வைக்கிறார்கள், நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் தவிக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு அறப்பெட்டி வைப்போமே."

"மந்திரி என்றால் இவரல்லவா மந்திரி" என்று ராஜா மெச்சினான். அங்கேதான் வந்தது வினை. பக்கத்தில் நின்ற பீதாம்பரம் என்கிற பெரிய மனிதருக்கு வயிறு பற்றி எரிந்தது. சாத்தப்பரை ராஜா புகழ்ந்தாலே அவருக்கு ஆகாது.

"பெட்டிச் சாவி அடியேனிடம் இருக்கட்டும், மகாராஜா" என்றார். "கொடுத்தவர் பெயர் தெரியாவிட்டால் அது என்ன கொடை? தாங்கள் எதைக் கொடுத்தாலும் அதன்மேல் தங்கள் பட்டங்கள் அத்தனையும் வெட்டிய கல் ஒன்று இருக்க வேண்டும். கல்லை எடுத்தால் கொடையும் திரும்பி வந்துவிட வேண்டும். இதைச் சட்டமாகப் போடுவோம்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சாவி பீதாம்பரம் கைக்குப் போனது. மடங்களுக்கு என்ன கவலை, கல்லைச் சுவரில் பதித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். தண்ணீர்ப்பந்தல்காரர்கள்தான் பாவம். பந்தலைவிடக் கல் பெரிசு. தாகத்தோடு வந்தவன் கல்லைச் சுற்றிப் போய்ப் பானையைத் தேட வேண்டியிருந்தது. போகப் போக, சின்ன ஆட்கள் அந்தப் பெட்டிப் பக்கம் வருவதே நின்றுபோயிற்று.

அங்கம்மாள் மட்டும் வந்தாள். கருமணியாற்றங்கரைக்காரி. அவளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து, முடியாதவர்களைப் படகில் ஏற்றி அக்கரையில் இருக்கும் மருத்துவச்சி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கூலி கிடையாது.

"படகு அடிப்பலகை இத்துப்போச்சு, ராசா" என்றாள். "மழைக்கு முன்ன புதுசு ஒண்ணு வேணும். எம் மருமக நிறைமாசமா இருக்கா. ஆத்துல வெள்ளம் வந்துட்டா அவளை எப்படித் தாண்ட வைப்பேன்னு நினைச்சா எனக்குத் தூக்கமே வரல."

"கொடுக்கலாம், கல்லோடு" என்றார் பீதாம்பரம்.

"கல்லைக் கரையில நட்டுக்கறோம், சாமி."

"கரையா கொடை? படகுதானே கொடை. கல்லும் படகில்தான் இருக்க வேண்டும்."

"அப்போ ஆளு எங்க உக்காரும்?"

"அது உங்கள் சாமர்த்தியம்."

ராஜா தலையாட்டினான். அங்கம்மாள் மந்திரியைப் பார்த்தாள். சாத்தப்பர் சாவகாசமாகச் சொன்னார்: "பீதாம்பரம் சொல்வதுதான் முறை. கல்லோடேயே கொடுப்போம்." அங்கம்மாள், இவரையா நம்பி வந்தோம் என்று நொந்துபோனாள்.

"ஆனால் ஒன்று" என்றார் மந்திரி. "வெள்ளோட்டத்துக்கு மகாராஜா ஏறினால்தான் கொடைக்கே பெருமை. சட்டம் போட்டவரும் கூட இருக்க வேண்டாமா? பீதாம்பரமும் ஏறட்டும்."

பீதாம்பரத்துக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. ராஜாவோடு ஒரே படகில் போகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

படகு தயாரானது. கல்லைத் தூக்கி நடுவில் வைத்தார்கள். சாத்தப்பர் அங்கம்மாளிடம் மெல்லச் சொன்னார்: "அந்த நாணலைத் தாண்டிப் போகாதே. அதுவரைக்கும் இடுப்பளவுதான் ஆழம்." அவளுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கழியை எடுத்தாள்.

ராஜா ஏறினான், படகு அமுங்கியது. பீதாம்பரம் ஏறினார், தண்ணீர் விளிம்பைத் தொட்டது. அங்கம்மாள் கழியை ஊன்றிக் கொஞ்ச தூரம் தள்ளினாள். சளசளவென்று தண்ணீர் உள்ளே வந்து ராஜாவின் பட்டு வேட்டியை நனைத்தது.

"என்ன பெண்ணே இது?"

"பாரம் தாங்கல, ராசா. ஏதாச்சும் ஒண்ணை இறக்கணும்."

"நீ இறங்கு" என்றார் பீதாம்பரம்.

"இறங்கறேன் சாமி. இந்தாங்க, கழியைப் பிடிங்க."

அவர் கையை நீட்டவில்லை.

"அப்படின்னா மிச்சம் இருக்கறது ராசா, கல்லு, நீங்க. சட்டம் போட்டவுங்க நீங்கதான். எதைத் தள்ளறதுன்னு நீங்களே சொல்லுங்க."

"என்னைத் தள்ள முடியாது. என் பெயரையும் தள்ள முடியாது" என்று சொல்லிக்கொண்டே ராஜா பீதாம்பரத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை சரியில்லை. பீதாம்பரத்துக்குக் குப்பென்று வேர்த்தது.

"கல்தானே மகாராஜா, தூக்கிப் போட்டுவிடலாம்" என்றார்.

கரையிலிருந்து சாத்தப்பர் கேட்டார்: "கல்லை எடுத்தால் கொடை திரும்ப வேண்டுமே, பீதாம்பரம்?"

"சட்டமாவது மண்ணாவது" என்று கத்திக்கொண்டு பீதாம்பரம் கல்லைக் கட்டிப்பிடித்துத் தள்ளினார். ராஜாவும் ஒரு கை கொடுத்தான். தொபுக்கென்று கல் விழுந்தது, கூடவே பீதாம்பரமும். செத்தேன் செத்தேன் என்று தண்ணீரை அடித்தவர் எழுந்து நின்றால், தண்ணீர் இடுப்பளவுதான். கரையில் நின்ற சனமெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டான்.

"சாத்தப்பரே, இது உம்முடைய வேலைதானே?"

"வெள்ளோட்டம் பார்த்தோம், மகாராஜா. படகு நன்றாகத்தான் இருக்கிறது. சட்டம்தான் கவிழ்ந்துவிட்டது."

அன்றைக்கே பெட்டிச் சாவி மந்திரியிடம் வந்தது. படகு அங்கம்மாள் கூட்டத்துக்கே. ஊர் ஊராகப் போய், தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, கற்களைப் பெயர்த்துக்கொண்டு வருகிற வேலை பீதாம்பரத்துக்கு.

மழை பிடித்தது. ஆறு கரைபுரண்டு ஓடியது. கொஞ்ச நாள் கழித்து அங்கம்மாள் சபைக்கு வந்து கும்பிட்டாள்.

"பேத்தி பிறந்திருக்கா, ராசா. நல்ல வெள்ளத்துலதான் தாண்டினோம். தாயும் பிள்ளையும் சுகம்."

ராஜாவுக்கு மனசு நிறைந்தது. இருந்தாலும் பழைய ஆசை லேசில் விடுமா? "படகில் போகும்போது மருமகளிடம் சொன்னாயா, இது யார் கொடுத்த படகு என்று?"



"இல்ல ராசா. அவ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தறா, நான் துடுப்புப் போடறேன். அதுக்கெல்லாம் எங்க நேரம் இருந்துச்சு?"

"அதுவும் சரிதான்" என்று ராஜா ஒத்துக்கொண்டான். பிறகு மந்திரி பக்கம் திரும்பினான்.

"சாத்தப்பரே, வாசலில் வேறு யாராவது கேட்டு வந்து நிற்கிறார்களா, பாரும். உள்ளே கூப்பிடும்."