நிதானமான பேட்

முட்டாள்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று யாரைக் கேட்டாலும் அடுத்த ஊரைத்தான் கை காட்டுவார்கள். நான் யாரையும் அப்படி அலைய விடமாட்டேன். நொச்சிவலசு, மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ச் சந்து, பச்சை கேட் போட்ட வீடு. எங்கள் வீடுதான்.

வினை என் வாயால் வந்தது. "நான் படிக்கிற காலத்துல டேபிள் டென்னிஸ்ல தோத்ததே இல்ல" என்று மகள் நிறைமதியிடம் ஒருநாள் அளந்துவிட்டேன். பொய் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரெண்டு பெஞ்சை ஒட்டிப்போட்டு, நடுவில் செங்கல் அடுக்கி, பரீட்சை அட்டையால் ஆடுவோம். அட்டை என்னுடையது. எதிராளி பத்தாவது பாயின்ட் எடுத்ததும், "எங்கம்மா கூப்புடுது" என்று அட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவேன். பிறகு எப்படித் தோற்பது?

மூன்றாம் வகுப்பு படிக்கிற நிறைமதி இதை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆண்டு விழாவில் அம்மாக்களுக்கு டேபிள் டென்னிஸ் போட்டி என்று சீட்டு வந்தது. அவரவர் பேட்டை அவரவர் கொண்டுவர வேண்டுமாம்.

"அம்மா, தோத்துட்டு மட்டும் வந்தராத. அப்பறம் நான் ஸ்கூல் மாத்தோணும்" என்றாள். அந்தப் பள்ளியில் இடம் வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

விளையாட்டு வாத்தியார் அருள்ராஜ் சாருக்குப் போன் போட்டோம். அவர் சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டுக்காரர் லோகு காலண்டர் தாளில் எழுதிக்கொண்டார். கைக்குப் பழக்கமான எடையில் வாங்கவும். பல வருஷம் கழித்து ஆடுகிறவருக்கு வேகமான பேட் ஆகாது, நிதானமான பேட்தான் சரி. பலகை அஞ்சடுக்கா என்று பார்க்கவும். ரப்பர் வழுக்கக் கூடாது, பந்து ஒரு நொடி ஒட்டிவிட்டுப் போக வேண்டும். கை குலுக்குவது போலப் பிடிக்கவும்.

இவ்வளவு பெரிய காரியத்துக்கு ரெண்டு பேர் போதாது என்று லோகுவின் அக்கா கனகமணியையும் அவர் வீட்டுக்காரர் கதிர்வேல் அண்ணனையும் கூட்டிக்கொண்டோம். கனகமணியை நான் நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் மளிகைக் கடை வைத்திருப்பவர். சாமான் வாங்குவதில் கெட்டி.

தாராபுரத்தில் விளையாட்டுச் சாமான் கடை. முதல் விவாதம் எடையைப் பற்றி.

"அம்மிணி, உன்ற கைக்குப் பழக்கமான எடை எது?" என்றார் நங்கையா.

"தோசைக் கரண்டிங்க."

"கரண்டி எந்நேரமுமா கையில இருக்குது? எந்நேரமும் இருக்கறது எது?"

மூவரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். அங்கே சின்னவன் உட்கார்ந்து விரல் சூப்பிக்கொண்டிருந்தான். போன வாரம்தான் அங்கன்வாடியில் எடை போட்டிருந்தார்கள்.

லோகு கடைக்காரரிடம் கேட்டார்: "ஏனுங், பதினோரு கிலோ இருநூறு கிராம்ல பேட் இருக்குங்களா?"

கடைக்காரர் நல்ல மனுஷர். சிரிக்கவில்லை. "அந்த எடை தீந்து போச்சுங்க. நூத்தி எழுபது கிராம்லதான் இருக்குது."

எனக்கு முகம் வாடிவிட்டது. கதிர்வேல் அண்ணன்தான் தேற்றினார். "விடு அம்மிணி. பையனும் பொறந்தப்ப ரெண்டே முக்கால் கிலோதான? போகப்போக ஏறிக்கும்."

அடுத்தது வேகம். ரெண்டு பேட்டை அண்ணன் ரெண்டு கையிலும் எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, ஒரே நேரத்தில் விட்டார். ரெண்டும் ஒரே நேரத்தில் தரைக்கு வந்தன.

"ரெண்டும் வேகமான பேட்டு. ஆகாது" என்றார் நங்கையா.

லோகு யோசித்தார். மூன்றாவதாக ஒன்றை எடுத்து, கையை விடாமல், பொறுமையாகக் கீழே இறக்கினார். அது தரையைத் தொடுவதற்குள் கடைக்காரர் ஒரு டீயைக் குடித்து முடித்துவிட்டார்.

"பாத்தியா நிதானத்தை!" என்றார் லோகு. அதையே வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் லோகுவுக்குச் சந்தேகம். "அஞ்சடுக்குன்னு கடைக்காரர் சொன்னாரு, சரி. எண்ணிப் பாத்தது யாரு?"

"வெட்டுக்கத்தியை எடுங்க மாப்பிள்ளை" என்று அண்ணன் எழுந்தார்.

நான் குறுக்கே போய் நின்றேன். காசு போட்டு வாங்கின பொருளை யாராவது வெட்டுவார்களா? எனக்கும் நாலு விஷயம் தெரியும். "உளுந்து எப்படி உரிக்கறோம்? ஊறப் போட்டாத் தோலு தன்னால கழண்டுக்குது. வெட்டறது எதுக்கு?"

என் கெட்டிக்காரத்தனத்தை நங்கையா பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி மெச்சினார். சுடுதண்ணீரில் பேட்டைப் போட்டு, தட்டால் மூடி, மேலே அம்மிக் குழவியை வைத்தேன். மறுநாள் காலையில் பிரித்தபோது அப்பளம் அப்பளமாகக் கழன்று வந்தது. கவனமாக எண்ணினோம். பலகை அஞ்சு, ரப்பர் ரெண்டு.

"ஏழு இருக்குது! கேட்டது அஞ்சு, குடுத்தது ஏழு. தங்கமான கடைக்காரர்" என்றார் லோகு.

பேட் நல்ல பேட் என்று உறுதியாகிவிட்டது. இனித் திரும்ப ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அண்ணன் கடையிலிருந்து எலி பிடிக்கிற பசை நாலு டப்பா வந்தது. ஓடுகிற எலியையே நிறுத்துகிற பசை, நிற்கிற பலகையை விடுமா? ஏழு அடுக்கையும் ஒட்டி முடித்த பிறகும் ஒரு டப்பா மிச்சம். அப்போதுதான் லோகு காலண்டர் தாளைப் பார்த்தார். "பந்து ஒரு நொடி ஒட்டோணும்னு போட்டிருக்குதே!" மிச்ச டப்பாவை ரப்பரின் மேலேயும் ரெண்டு பக்கமும் தடவினோம். எங்கள் வீட்டில் எதுவும் வீணாகாது.

கடைசியாகப் பிடி. கை குலுக்குவது போலப் பிடிக்கச் சொல்லியிருந்தார்.

"நம்ம பக்கம் பொம்பளைக எங்கடி கை குலுக்கறம்? கும்பிடறதுதான வழக்கம்" என்றார் நங்கையா.

அதுவும் சரிதான். ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவே கைப்பிடியை வைத்து, நெஞ்சுக்கு நேரே பேட்டை நிமிர்த்திக் கும்பிட்டபடி மூன்று நாள் பழகினேன்.

ஆண்டு விழா வந்தது. எனக்கு எதிராக ஆடியவர் பல் டாக்டர் வினோதினி. நான் கும்பிட்டபடி நின்றதைப் பார்த்து, அவரும் பேட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார். நான் கையை இறக்கவில்லை. அவர் மறுபடியும் கும்பிட்டார். மரியாதை தெரிந்தவர். மூன்றாவது முறை அருள்ராஜ் சார், "போதும், ஆரம்பிங்க" என்று விசிலடித்தார்.

டாக்டர் பந்தைப் போட்டார். அது மேசையில் ரெண்டு தரம் குதித்து நேரே என் பேட்டுக்கு வந்தது. வந்தது, நின்றது. ஒரு நொடி ஆயிற்று. ஒரு நிமிஷம் ஆயிற்று. போகவில்லை.

"டாக்டருக்குத்தான் பாயின்ட்" என்றார் சார்.

"எப்படிங்க?" என்று லோகு உள்ளே வந்தார். "பந்து கீழ விழுந்துதுங்களா? வலையில பட்டுதுங்களா? வெளிய போச்சுங்களா? பந்து இன்னும் ஆட்டத்துலதான நிக்குது?"

சார் நெற்றியைத் தேய்த்தார். "முதல்ல அந்தப் பந்தை எடுங்க. என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

லோகு பந்தைப் பிடித்து இழுத்தார். பந்து வரவில்லை. பந்தோடு ரப்பர் வந்தது. அண்ணன் உதவிக்கு இழுத்தார். அவர் கையோடு ரெண்டு பலகை போயிற்று. நங்கையாவும் வந்து இழுக்க, அவரிடம் ரெண்டு பலகை ஒட்டிக்கொண்டது. என்னிடம் ஒரு பலகையும் பின்பக்க ரப்பரும் மிஞ்சின. குடும்பத்தோடு மேடையில் ஆளுக்கொரு பங்கு பேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஊரே கை தட்டியது. நிறைமதி மட்டும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது என் பழைய புத்தி வேலை செய்தது. "எங்கம்மா கூப்புடுதுங்க சார்" என்றேன். பேட்டின் பாகங்களோடும் பந்தோடும் நால்வரும் வீட்டுக்கு நடையைக் கட்டினோம்.

பந்து எங்களிடம் இருக்கிறது. ஆட்டம் முடியவில்லை. ஸ்கோர் இன்றுவரை பூஜ்யத்துக்குப் பூஜ்யம். "எங்கம்மா இன்னும் தோக்கல" என்று நிறைமதி அதே பள்ளிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறாள்.

ரப்பரையும் அதில் ஒட்டிய பந்தையும் டிவி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தோம். நேற்றுக் காலையில் பார்த்தால் பந்துக்குப் பக்கத்தில் ஓர் எலி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நால்வரும் சுற்றி உட்கார்ந்தோம்.

நங்கையாதான் முதலில் கேட்டார்: "அம்மிணி, இது யாருக்குப் பாயின்ட்டு?"

"எலி நம்ம வீட்டு எலி. நமக்குத்தான்" என்றார் லோகு.

"அதெப்படி? அது எந்தப் பக்கமிருந்து வந்துதுன்னு பாக்கோணுமல்ல?" என்றார் கதிர்வேல் அண்ணன்.

நேற்றிலிருந்து அருள்ராஜ் சாருக்கு மாற்றி மாற்றிப் போன் போட்டுக்கொண்டிருக்கிறோம். மனுஷர் எடுக்கவே மாட்டேன் என்கிறார். அதுவரை எலிக்கு நான்தான் பொட்டுக்கடலை போட்டு வருகிறேன்.