இலை எடுக்கிற கை

பால் கவரை அலசி, தலைகீழாகக் கவிழ்த்து, கொடியில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன். பழைய பேப்பர்க்காரர் இதையெல்லாம் எடுத்துக்கொள்வார். சிப்ஸ் கவரைக் கொடுத்தால் மட்டும் திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டுப் போவார். அதை எடுக்க ஆளில்லை.

ஓடைக்கரை மடத்தில் ஒரு அம்மையார் இருந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருக்கு மாசிலாமணி என்று ஒரு சீடர். அறுபதை எட்டப்போகிறவர், சிப்ஸ் கம்பெனி முதலாளி.

அந்த வருஷ மழையில் ஓடைப் பாலத்தில் தண்ணீர் போகிற கண் அடைத்துக்கொண்டது. மடத்துக்குப் பின்தெருவில் வீட்டுக்கு வீடு தண்ணீர். தூளி நனைகிற உயரத்துக்கு வந்ததாம். பாலத்துக் கண்ணைக் குத்தி எடுத்தபோது வந்ததெல்லாம் மாசிலாமணி கம்பெனி கவர்.

கவரில் போட்டு விற்கிறவர்களே அந்தக் கவரைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யவேண்டும் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு. கலெக்டர் ஆபீஸில் கருத்துக் கேட்கிறார்கள். மாசிலாமணி மடத்துக்கு வந்தார்.

"அம்மா, நீங்க கூட்டத்துக்கு வரணும். இந்தச் சட்டம் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எதுக்கு வேண்டாம்ங்கறீங்க?"

"வித்தாச்சுன்னா அது வாங்கினவன் சொத்துங்க. தின்னுட்டு ரோட்டுல போடறது அவன். தொட்டி வைக்காதது பஞ்சாயத்து. எங்க தலையில கட்டினா எப்படி?"

"கூட்டம் என்னைக்கு?"

"என் அறுபதாம் கல்யாணத்துக்கு மறுநாள். விருந்து இங்கே மடத்துலதானே."

"அப்போ விருந்து முடியட்டும். பதில் சொல்றேன்."

விருந்தன்று முதல் பந்தியில் உட்கார்ந்தது மாசிலாமணியின் சங்கத்தார். எல்லாரும் கவரில் போட்டு விற்கிற முதலாளிகள்.

"நாமளா மனசு வெச்சுச் செய்ய மாட்டோமா? சட்டம் எதுக்கு?" என்றார் ஒருவர்.

"பத்து வருஷம் டைம் கொடுக்கட்டும். பார்க்கலாம்," என்றார் சங்கத் தலைவர், பாயசத்தை வழித்துக்கொண்டே.

"விலை ஏறினா ஏழைக் குழந்தை எதைத் திங்கும்?" என்றார் இன்னொருவர். தூளி நனைந்தபோது அந்தக் குழந்தை அவருக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. மாசிலாமணியின் மகளைப் பேசி முடித்திருந்த சம்பந்தி வீட்டார். முதல் தடவையாகக் கைநனைக்க வருகிறார்கள்.

மாசிலாமணி அவர்களைப் பந்திக்கு அழைத்துப் போனார். வரிசையாக எச்சில் இலைகள். ஒன்றைக்கூட யாரும் எடுக்கவில்லை. இலை எடுக்க வந்திருந்த பின்தெருப் பெண்களை அம்மையார் சமையல்கட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி ஓடினார். "அம்மா, இலையெல்லாம் அப்படியே கிடக்கு."

"கிடக்கட்டும்."

"சம்பந்தி வீட்டார் நிக்கறாங்க."

"தெரியுது. தின்னது யாரோ அவங்களைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்க. பரிமாறியாச்சு, இனி இலை அவங்க சொத்துதானே?"

"விளையாடறீங்களா? தலைவருக்கு என்ன பதில் சொல்றது?"

"அப்போ பஞ்சாயத்துக்கு ஃபோன் போடுங்க."

"அம்மா..."

"இல்லேன்னா பத்து வருஷம் டைம் எடுத்துக்கோங்க. சம்பந்தி வீட்டார்தான் பாவம், கால் வலிக்கும்."

மாசிலாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "விருந்துக்கு வந்தவங்களையா இலை எடுக்கச் சொல்லுவாங்க? எந்த ஊர் நியாயம் இது? கூப்பிட்டு இலை போட்டவன்தான் எடுக்கணும்."

சமையல்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.  அம்மையார் ஒரு பெண்ணின் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

 மாசிலாமணி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். சம்பந்தி வீட்டார் பார்க்க, குனிந்து குனிந்து ஒவ்வொரு இலையாக எடுத்தார். தலைவரின் இலையில் மிஞ்சியிருந்த சாம்பார் அவர் முழங்கை வரைக்கும் வழிந்தது. தலைவர் பல் குத்திக்கொண்டு தூணோரம் நின்றார்.

எல்லாரும் போனபின் மாசிலாமணி அதே கையோடு அம்மையாரிடம் வந்து நின்றார். குரலில் இன்னும் கோபம் போகவில்லை.

"நாளைக்குக் கூட்டத்துக்கு வருவீங்களா, மாட்டீங்களா?"

"வர்றேன். நீங்க இந்தக் கையோடவே வர்றதா இருந்தா."

மறுநாள் இரண்டு பேரும் போனார்கள். முன்வரிசை முழுக்கச் சங்கத்தார். முதலில் யார் பேசுகிறீர்கள் என்று கலெக்டர் கேட்டதும், தலைவர் திரும்பி மாசிலாமணிக்குக் கண்ணைக் காட்டினார். மாசிலாமணி எழுந்து கையைத் தூக்கினார். அந்தக் கையில் சாம்பார் மஞ்சள் இன்னும் போகவில்லை... இதோ வர்றேன் அத்தை, பாப்பா முழிச்சுக்கிட்டாளா, இந்த ஒரு கவரை மட்டும் மாட்டிட்டு வந்துடறேன்.