வாத்துக்குளமும் மூன்று நோட்டுகளும்

ஒரு பறவைக்குத் தலை ஒரு வீட்டில், உடம்பு ஒரு வீட்டில், வால் ஒரு வீட்டில் இருக்கிறது. இருந்தும் அது பறக்கிறது. எப்படி? விடை சொல்ல அவசரம் வேண்டாம். இந்தக் கதையில் வருகிறவர்களும் அவசரப்படவில்லை.

முன்பு ஓர் ஊரில் ஒரு குளம் இருந்தது. கார்த்திகை பிறந்தால் வரித்தலை வாத்துகள் அதில் வந்து இறங்கும். ஒரு வருடம், குளத்தை மூடிப் பேருந்து நிலையம் கட்ட வேண்டும் என்று ஊரில் பாதிப் பேர் கேட்டார்கள். பேரூராட்சித் தலைவர் கோமதிநாயகம் நியாயமானவர். கரைக்கே வந்து குளத்திடம் பேசினார்.

"இந்த வாத்துங்க எங்க பொறக்குது, எந்த வழியா வருது, இங்க இறங்கலேன்னா என்ன ஆகும்? மூணையும் எழுத்துல கொண்டா. தை முதல் வெள்ளி கூட்டம். தாளைக் காட்டிட்டா உன்மேல ஒரு கூடை மண்ணு விழாது."

குளத்துக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாம் மூன்று நாடுகளின் பறவை நோட்டுகளில் எழுதித்தான் இருந்தது. வாத்துகள் முட்டையிடும் இடம் புல்வெளி நாட்டு நோட்டில் இருந்தது. வழியில் இளைப்பாறும் ஏரிகள் பனிமலை நாட்டு நோட்டில் இருந்தன. குளிர்காலத்தில் அவை இங்கே எதைத் தின்று உயிர் பிழைக்கின்றன என்பது நம் நாட்டு நோட்டில் இருந்தது. மூன்றும் பறவைத் தகவல் பகிர்வு வலையத்தின் உறுப்பினர்கள். நம் தலைநகரில் ஒரே அலமாரியில் தோளோடு தோள் உரசி நின்றன. குளம் ஒரு வாத்தைத் தூது அனுப்பியது.

நோட்டுகள் உடனே கூடின. பகிர்வது தலையாய கடமை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டன. யார் முதலில் திறப்பது என்பதில்தான் சிக்கல்.

"மூத்தவர் நீங்கள் முதலில் திறக்க வேண்டும்" என்றது நம் நாட்டு நோட்டு.

"கூட்டம் உங்கள் ஊரில். வீட்டுக்காரர் பரிமாறாமல் விருந்தாளி இலையில் கை வைப்பாரா?" என்றது புல்வெளி நோட்டு.

பனிமலை நோட்டு திறக்கத் தயார்தான். ஆனால் போன தடவை அதைப் பார்த்து எழுதியவர்கள் அதன் பெயரைப் போடவில்லையாம். அந்த மனத்தாங்கலைச் சொல்லி முடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

வாத்து பொறுத்துப் பார்த்தது. "ஐயா, மூன்று பேருமே என் காலில் வளையம் மாட்டித்தான் எழுதினீர்கள். என்னைப் பற்றி எழுதியதை எனக்காவது காட்டக் கூடாதா?"

"நீ உறுப்பினர் இல்லையே, தம்பி" என்றது நம் நாட்டு நோட்டு, அன்பாக.

கடைசியில் முதல் கட்டமாக நோட்டுகளின் மேல் அட்டைகளை மட்டும் கழற்றிப் பகிர்வது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில், வாத்து கொண்டு வந்த மூன்று அட்டைகளையும் தலைவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல தோல் அட்டைகள்.

"வாத்து எங்கேருந்து வருதுன்னு இதுல எங்க இருக்கு?"

"மேலிருந்து வருகிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்" என்றது குளம். சிலர் சிரித்தார்கள்.

கை தூக்கச் சொன்னார் தலைவர். இரு பக்கமும் சமமாக இருந்தது. அந்த ஊர் வழக்கப்படி, குளம் என்று ஒன்றும் பேருந்து நிலையம் என்று ஒன்றுமாக இரண்டு சீட்டு எழுதிச் செம்பில் போட்டார்கள். கூட்டத்திலிருந்து செண்பகவடிவு என்ற ஐந்து வயதுக் குழந்தையை அழைத்தார்கள்.

"கண்ண மூடிக்கிட்டு ஒண்ணு எடும்மா" என்றார் தலைவர்.

குழந்தை பேருந்து நிலையத்தை எடுத்தாள்.