சந்தையில் கறந்த பால்

மேற்கோள் இல்லாமல் மழைக்குக்கூட ஒதுங்காத ஏகாம்பரம், தம் குருவைவிட ஏழு வயது மூத்த சீடர். மடத்துச் சமையற்கட்டின் ஓட்டுக்கூரை சரிந்துவிட்டது. புதுக் கூரைக்காகப் பசுவையும் கன்றையும் விற்க மாட்டுச் சந்தைக்கு ஓட்டிவந்திருந்தார். குருவும் கூடவே நடந்து வந்தார்.

பசு காலை அகட்டி நின்றது. காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்டியது.

"என்னப்பா இது?" என்றார் குரு.

"நேற்றுக் காலைக்குப் பிறகு கறக்கவில்லை, சாமி. கன்றுக்கும் வாய்க்கூடை போட்டுவிட்டேன். மடி பருத்திருந்தால்தான் விலை வரும். சந்தை வழக்கம்."

"வாங்குகிறவர்களுக்கு இது தெரியாதா?"

ஏகாம்பரம் வாய் திறப்பதற்குள், மாடு வாங்க வந்திருந்த மாராக்காள் மடியைப் பார்த்துச் சிரித்தாள். "தெரியாம என்னங்க சாமி? மடியில பாதியைத் தள்ளிட்டுத்தான் விலை கேப்போம்."

"பிறகு இந்த வலி யாரை ஏமாற்ற?"

"யாரையும் இல்லீங்க. ஆனா கறந்துட்டுக் கூட்டியாந்தா, அந்தச் சின்ன மடியிலயும் பாதியைத் தள்ளிப்போடுவாங்க. போன மாசம் என் மாட்டை வித்தப்ப நானும் பாலைத் தேக்கித்தான் கூட்டியாந்தேன்."

"கேட்டீர்களா, சாமி?" என்றார் ஏகாம்பரம், வாதத்தில் ஜெயித்த முகத்தோடு. "நாம் மட்டும் கறந்தால் கூரை வராது."

குரு கன்றின் வாய்க்கூடையை அவிழ்த்துவிட்டார். அது முட்டிமுட்டிக் குடித்து முடித்ததும், டீக்கடையில் ஒரு வாளி இரவல் வாங்கிவந்து கறக்கக் குந்தினார்.

"சாமியாரே, மாடு விக்க வந்தீங்களா, பால் விக்க வந்தீங்களா?" என்று பக்கத்து வியாபாரி கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏகாம்பரத்துக்குக் காது சிவந்தது. மடி சுருங்கச் சுருங்க, கூரை ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதாக அவருக்குத் தோன்றியது.

வாளி நிரம்பியது. மாராக்காள் உதட்டைப் பிதுக்கினாள். "இது ரெண்டு வேளைப் பாலுங்க. இதை வெச்சு என்னன்னு விலை சொல்ல?"

"சாயங்காலம் உங்கள் கண்ணெதிரே மறுபடி கறக்கிறேன். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்."

அவள் வேப்பமர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தாள்.

ஏகாம்பரம் பதறினார். "சாயங்காலமா? ஐந்து மணிக்கு மடத்தில் என் பிரசங்கம், சாமி! ஜீவகாருண்யம்! ஊரே காத்திருக்குமே!"

குரு வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"நேற்றெல்லாம் மாடு காத்திருந்தது, ஏகாம்பரம். ஊர் ஒரு சாயங்காலம் காத்திருக்கட்டும்."