ராஜா கேட்ட சின்னச் சொல்

முன்னொரு காலத்தில், வெள்ளைக்காரத் துரைமார் குதிரையேறி ஊர் ஊராக வந்துகொண்டிருந்த நாளில், மருதங்காவு என்னும் சிறு நாட்டை வீரபூபதி ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் காற்றடித்த பக்கம் சாய்கிற நாணல். காலையில் கொடுத்த மானியத்தைச் சாயங்காலம் பிடுங்குவார். பிடுங்கியதை மறந்து மறுபடியும் கொடுப்பார். அவரிடம் பிரதானியாக இருந்த நல்லசிவம் பிள்ளைக்குத் தலை நரைத்தது வயதால் அல்ல.

ஒருநாள் கலெக்டர் துரை வந்தார். "ப்ளீஸ்" என்று சொல்லிப் பட்டத்து யானையைக் கேட்டார். "தேங்க்யூ" என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் யானை நந்தவனத்தை மிதித்துத் துவைத்தது. அதற்கு ஒரு "சாரி" சொன்னார். ராஜா சொக்கிப்போனார்.

"அடடா, பறிகொடுத்ததே தெரியவில்லையே! இதுவல்லவா மரியாதை!"

துரைமார் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி அனந்தப்பருக்குப் பிரதானி பதவிமேல் ரொம்ப நாளாகக் கண். நேரம் பார்த்து நுழைந்தார்.

"பிரபு, நம் சபையில் பிரதானியார் உட்பட யாருக்குமே மரியாதை தெரியாது. இனி எல்லோரும் இந்தச் சொற்களைச் சொல்லியாக வேண்டும். ப்ளீஸ் இல்லாத உத்தரவு உத்தரவே அல்ல. சாரி சொல்லாத பிழை ராஜத்துரோகம்."

"என் உத்தரவுக்கும் ப்ளீஸ் வேண்டுமா?"

"தாங்கள் நடந்து காட்டினால்தானே குடிகள் நடப்பார்கள்?"

"பலே!" என்றார் ராஜா. பிள்ளைவாள் எழுந்தார்.

"பிரபு, நம்மவர்கள் மரியாதையைச் சொல்ல மாட்டார்கள், செய்வார்கள். வாய்க்குப் பழகாத சொல்லுக்காக யாரையும் தண்டிக்க வேண்டாம்."

"வயிற்றெரிச்சல்!" என்றார் அனந்தப்பர். ராஜா சிரித்தார். சபையும் சிரித்தது. மறுநாளே, ப்ளீஸ் இல்லாத உத்தரவுக்குக் கதவைத் திறந்துவிட்ட ஒரு காவலன் முதுகில் சவுக்கடி வாங்கினான். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவன் பெரியாண்டி. அவனை அரண்மனை வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்ததே பிள்ளைதான். ஒருநாள் தாம்பாளத்தை வைத்துவிட்டு எழும்போது அவன் கால் ராஜாவின் காலில் பட்டுவிட்டது. பதறிப்போய்க் குனிந்து, பட்ட இடத்தைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். கைகட்டி, வாய்பொத்தி நின்றான்.

"சாரி சொல்லவில்லையே!" என்று துள்ளினார் அனந்தப்பர்.

"சொல்லடா," என்றார் ராஜா. பயத்தில் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். நாளை உச்சிவேளை முரசு அடிக்கும்போது தலை போகும் என்று தீர்ப்பாயிற்று.

விடிந்ததும் கோட்டை வாசலில் பெரியாண்டியின் மனைவி குருவம்மா பிள்ளையின் பல்லக்கை மறித்தாள்.

"அய்யா, நீங்கதான் அவுகள அரமணைக்குக் கூட்டிட்டு வந்தீக. நீங்கதான் திருப்பித் தரணும்."

"தருகிறேன், தாயி," என்றார் பிள்ளை. சொன்ன பிறகுதான் யோசித்தார். கெஞ்சினால் ராஜா கேட்கமாட்டார், வாதாடினால் அனந்தப்பர் விடமாட்டார். இந்த இருவருக்கும் நடுவில் ஓர் உயிரை எப்படி மீட்பது?

சபை கூடியது. பிள்ளை, ராஜாவின் பாட்டனார் காலத்து ஏட்டுச்சுவடி ஒன்றைப் பட்டில் சுற்றிக் கொண்டுவந்து, ஏதோ மறதிபோலப் பாதபீடத்தின் ஓரமாக வைத்துவிட்டு, வரப்புத் தகராறு ஒன்றை இழுத்து இழுத்துச் சொன்னார். ராஜாவுக்குச் சலித்தது. காலை நீட்டினார். கட்டைவிரல் சுவடியில் இடித்தது. சட்டென்று குனிந்தார், தொட்டார், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"பிரபு, சாரி சொல்லவில்லையே?" என்றார் பிள்ளை.

"என்னய்யா உளறுகிறீர்? ஏடு, சரஸ்வதி! காலில் பட்டால் தொட்டுக் கும்பிடாமல் வேறென்ன செய்வது? கை தானாகப் போயிற்று."

"பெரியாண்டிக்கும் தானாகத்தான் போயிற்று, பிரபு. தங்கள் காலை அவன் ஏடாக நினைத்தான்."

ராஜா தன் விரல்களைப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு பெரிதாகச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிப் பிள்ளையின் கழுத்தில் போட்டார். "அனந்தப்பரே, தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போம்! யாரடா அங்கே! ஓடு, பெரியாண்டியை அவிழ்த்துவிடச் சொல்!"

சேவகன் பறந்தான். சபை ஆரவாரம் செய்தது. பிள்ளைக்கு மார்பிலிருந்து பாறாங்கல்லை இறக்கியதுபோல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், அத்தனை பெரிய புத்திசாலிக்கு, அந்த உத்தரவில் என்ன குறைகிறது என்று தோன்றவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் சேவகன் திரும்பி வந்தான். தனியாக வந்தான். மூச்சிரைத்தது.

"சாமி, கொலைக்களத்துக் காவல்காரர் விடமாட்டேங்காரு. ராசா ப்ளீஸ் சொன்னாரான்னு கேக்காரு. இல்லன்னேன். அன்னிக்குக் கதவத் தொறந்து வாங்குன சவுக்கடியே போதும், போய்க் கேட்டுட்டு வான்னு..."

"ப்ளீஸ்!" என்று அலறினார் பிள்ளை. "பிரபு, சொல்லுங்கள்! சொல்லுங்கள்!"

"ப்ளீஸ்," என்றார் ராஜா. உச்சிவேளை முரசு அடித்தது.

கோட்டை வாசலுக்கு ராஜா நடந்தே போனார். பின்னால் பிள்ளை போனார். கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றக்கூட அவருக்கு நினைவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய புத்தி அவருக்கு அருவருப்பாக இருந்தது. குருவம்மா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். ராஜா அவள் முன்னால் நின்றார், வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, பழக்கதோஷம், அந்தச் சொல்தான் வந்தது.

"சாரி."

அவள் நிமிர்ந்தாள். ராஜாவைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தாள்.

"அய்யா, எங்க வீட்டுக்காரர் சொல்லலன்னு சொன்னாகளே, அந்தச் சொல்லு இதுதானா?"

பிள்ளை தலையை மட்டும் அசைத்தார்.

"இம்புட்டுச் சின்னச் சொல்லா, சாமி?"