கடேசன் கத்தின ஆடு

வைத்தியரம்மா தையல்நாயகியை விட அவங்க சீடர் கடேசன் ரெண்டு வயசு மூத்தவர். அதனால குரு சீடரை "அண்ணே"ன்னு கூப்பிடுவாங்க. சீடர் குருவை "அம்மா"ன்னு கூப்பிடுவாரு. கேக்குறவங்களுக்குத்தான் குழப்பம். அவங்க ரெண்டு பேருக்கும் இல்லை.

கடேசன் முதல்ல வைத்தியம் கத்துக்க வந்தவர் இல்லை. கோயில் திருவிழா மேடையில பலகுரல் பண்ணிக்கிட்டு இருந்தவர். டவுன் பஸ் ரிவர்ஸ் எடுக்குறது, சேவல் கூவ ஆரம்பிச்சு பாதியில யோசிக்கிறது, சம்பந்தி வீட்டம்மா மூக்கு சிந்துறது, எல்லாத்தையும் தொண்டைக்குள்ளயே வெச்சிருந்தாரு. ஒரு மாசி மாசம் அந்தத் தொண்டை கட்டிக்கிச்சு. வைத்தியரம்மாகிட்ட வந்தாரு. தொண்டை திறந்துச்சு. ஆளு திரும்பிப் போகலை.

"என்னண்ணே, இன்னும் வலிக்குதா?"

"இல்லம்மா. எப்படிச் சரியாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போயிடுறேன்."

"அதுக்கு நாளாகுமே."

"ஆகட்டும்மா. கை தட்டுறவங்க எங்கயும் போக மாட்டாங்க."

அந்த வைத்தியசாலையில ஒரு வழக்கம் உண்டு. கஷாயத்தை வீட்டுக்குக் குடுத்து விடுறது இல்லை. காலையில அங்கேயே காய்ச்சுவாங்க, அங்கேயே குடிக்கணும். பெரியவங்க கண்ணை மூடி ஒரே மடக்குல முடிச்சிடுவாங்க. குழந்தைங்களுக்குக் குடுக்குறதுதான் பெரும்பாடு. மத்த இடமா இருந்தா ஒருத்தர் காலைப் பிடிப்பாங்க, ஒருத்தர் மூக்கைப் பிடிப்பாங்க, மூக்கு நீண்ட பாலாடைக் கிண்ணத்தால ஊத்திடுவாங்க. வைத்தியரம்மா யாரையும் மூக்கைத் தொட விட மாட்டாங்க.

கடேசன் ஒரு தடவை கேட்டாரு. "அம்மா, மூக்கைப் பிடிக்காம குழந்தை வாயைத் திறக்குறதுக்கு என்ன வழி?"

"கேட்டுப் பாருங்க."

"யார்கிட்ட?"

"வாய் யாருதோ, அவங்ககிட்ட."

கடேசன் சிரிச்சாரு. அது பதில்னு அவருக்குத் தோணலை.

அந்த வாரமே இந்துமதின்னு ஒரு அம்மா தன் மகளைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. பேரு லோசனி. நாலு வயசு. விட்டு விட்டுக் காய்ச்சல். அம்மா தோள்ல ஈரத்துணி மாதிரி கிடந்தா.

"மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"ன்னு வைத்தியரம்மா கேட்டாங்க.

"வாழைப்பழத்துல ஒளிச்சு வெச்சுக் குடுத்தேம்மா. கண்டுபிடிச்சிட்டா. இப்ப வாழைப்பழத்தையே தொட மாட்டேங்குறா. அப்புறம் பால்ல கலந்தேன். பாலும் போச்சு. இட்லிக்குள்ள வெச்சேன்."

"இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

இந்துமதி கொஞ்சம் யோசிச்சாங்க. "தயிர் சாதம்."

"அதை விட்டு வைங்க."

கஷாயம் ஆறி, வெதுவெதுப்பா ஆச்சு. லோசனி வாயை இறுக்கி மூடிக்கிட்டா. வைத்தியரம்மா அடுப்பைப் பாக்க உள்ள போனாங்க. கடேசனுக்கு இதுதான் மேடை.

கழுத்தை நீட்டினாரு. கன்னத்தை உள்ள இழுத்தாரு. சந்தையில கயித்தைப் பிடிச்சு இழுத்தா பிடிவாதமா நிக்குமே, அந்த ஆடு மாதிரி ஒரு கத்து கத்தினாரு. லோசனி திரும்பிப் பார்த்தா. கடேசன் ஒரு மூச்சு விட்டுட்டு, குட்டி பதில் சொல்ற மாதிரி சின்னதா இன்னொண்ணு கத்தினாரு. காய்ச்சல்ல கிடந்த பொண்ணு கடகடன்னு சிரிச்சிட்டா. வாய் திறந்துச்சு. பாலாடை உள்ள போச்சு.

புரை ஏறிடுச்சு. மூக்கு வழியா கொஞ்சம் வந்துச்சு. கண்ணெல்லாம் தண்ணி. இந்துமதி மக உச்சந்தலையைத் தட்டி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, யாரோ நெனைக்கிறாங்க"ன்னாங்க.

வைத்தியரம்மா அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க.

"உள்ள போயிடுச்சும்மா"ன்னாரு கடேசன்.

"போச்சு. வேற என்னென்ன சேர்ந்து போச்சுன்னு நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் லோசனி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டே வந்தா. கடேசன் கழுத்தை நீட்டினதுமே முகத்தை அம்மா தோள்ல புதைச்சிக்கிட்டா.

"நேத்து சாயங்காலம் தெருவுல நெஜ ஆடு ஒண்ணு கத்திக்கிட்டுப் போச்சுங்க"ன்னாங்க இந்துமதி. "அதுக்கே வாயைப் பொத்திக்கிட்டா. ராத்திரி அவங்க அப்பா கிச்சுகிச்சு மூட்டினாரு. சிரிப்பு வருது, பல்லைக் கடிச்சுக்கிட்டு அடக்குறா. தயிர் சாதமும் வேணாம்னுட்டா. ஒண்ணும் இறங்கலைம்மா."

வைத்தியரம்மாவால லோசனி நாக்கைப் பாக்க முடியலை. கண்ணைப் பார்த்தாங்க, நாடியைப் பிடிச்சுப் பார்த்தாங்க.

"மத்தியானத்துக்குள்ள தண்ணியாவது இறங்கலைன்னா பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும். குளுக்கோஸ் ஏத்தணும்."

இந்துமதிக்குக் குரல் உடைஞ்சிடுச்சு. "இன்னிக்கு ஒரு தடவை மூக்கைப் பிடிச்சிடுவோம்மா. காலை நான் பிடிச்சுக்கிறேன்."

வைத்தியரம்மா தலையாட்டலை.

கடேசன் கிட்டத்துல வந்து மெதுவாச் சொன்னாரு. "நான் வாங்கிட்டேன்ம்மா அவ சிரிப்பை. அதைத் திருப்பிக் குடுக்குறதுக்கு உங்ககிட்ட மருந்து இருக்கா?"

"இருக்கு. கீழ உக்காருங்க."

உக்காந்தாரு. வைத்தியரம்மா ரெண்டு பாலாடையில கஷாயம் ஊத்தினாங்க. ஒண்ணைத் தள்ளி வெச்சாங்க. இன்னொண்ணை லோசனி முன்னாடி தரையில வெச்சாங்க.

"லோசனி, இந்த மாமாவுக்கு மருந்து குடுக்கணும். குடிக்க மாட்டேங்குறாரு. நீ குடுக்குறியா?"

கடேசன் உடனே ஆன்னு வாயைத் திறந்தாரு.

"மூடுங்கண்ணே."

மூடினாரு.

லோசனி பாலாடையைப் பார்த்தா. மாமாவைப் பார்த்தா. மாமா உதட்டை உள்ள மடிச்சு வெச்சுக்கிட்டு, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினாரு. அடுப்புல விறகு ஒரு தடவை வெடிச்சுச்சு.

பாலாடையைத் தூக்க ரெண்டு கை வேணும். லோசனி வாயிலேர்ந்து ஒரு கையை எடுத்தா. அப்புறம் இன்னொண்ணையும் எடுத்தா. அம்மா மடியிலேர்ந்து இறங்கி, தளும்பாமத் தூக்கிக்கிட்டு மாமா முன்னாடி வந்து நின்னா.

கழுத்தை நீட்டினா.

"ம்மே."

குரல்ல காய்ச்சல் இருந்துச்சு. ஆடு மாதிரியே இல்லை. பூனைக்குச் சளி பிடிச்ச மாதிரி இருந்துச்சு. இருபது வருஷம் மேடையில அடுத்தவங்களைச் சிரிக்க வெச்ச மனுஷன் அதைத் தாங்க முடியாம வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. வாய் பெருசாத் திறந்து கிடந்துச்சு.

லோசனி ஊத்தலை.

பாலாடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

கடேசன் சிரிச்சு ஓய்ஞ்சாரு. கண்ணைத் துடைச்சாரு.

"முடிச்சிட்டியா?"ன்னு லோசனி கேட்டா.

"முடிச்சிட்டேன்."

"கசக்கும்."

"ரொம்பவா?"

அவ யோசிச்சா. "ரொம்ப. அப்புறம் போயிடும்."

கடேசன் வாயைத் திறந்தாரு. அவ கொஞ்சம் ஊத்தினா, நிறுத்தினா, அவர் முழுங்குறாரான்னு தொண்டையைப் பார்த்தா, மறுபடியும் கொஞ்சம் ஊத்தினா. கடேசன் முகம் தானாச் சுருங்குச்சு. எத்தனையோ முகம் போட்டவர்தான். இது அவரு போட்ட முகம் இல்லை. லோசனிக்குச் சிரிப்பு வந்துச்சு. அடக்கப் பார்த்தா. முடியலை.

யாரும் அவ வாய்கிட்ட போகலை. அவ சிரிச்சு முடிக்கிற வரைக்கும் இந்துமதி, வைத்தியரம்மா, கடேசன் மூணு பேரும் சும்மா உக்காந்திருந்தாங்க.

தள்ளி வெச்ச பாலாடை பக்கம் லோசனி திரும்பினா. "அது யாருக்கு?"

"உனக்கு"ன்னாங்க வைத்தியரம்மா.

"கசக்குமா?"

"அதேதான். மாமா முகத்தைப் பார்த்தல்ல."

"நானே புடிச்சுக்குவேன்."

"பிடிச்சுக்கோ."

ஒரு வாய் குடிச்சா. உடம்பை உதறினா. இன்னொரு வாய். பாதி ஆனதும் கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டு எல்லார் முகத்தையும் பார்த்தா. யாரும் ஒண்ணும் சொல்லலை. தானே எடுத்து மீதியையும் குடிச்சா. வைத்தியரம்மா பனங்கற்கண்டு ஒரு துண்டு குடுத்தாங்க. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுக்குள்ள ஏதாவது இருக்கா?"ன்னா.

"கற்கண்டுக்குள்ள கற்கண்டுதான் இருக்கு."

வாயில போட்டுக்கிட்டா.

மத்தியானம் கஞ்சி இறங்குச்சு. ராத்திரி காய்ச்சலும் இறங்குச்சு.

கடேசனுக்குத்தான் தூக்கம் வரலை. விடிஞ்சதும் அடுப்படிக்கு வந்தாரு.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். நான் வாயைப் பொளந்துக்கிட்டுச் சிரிச்சேன். கிண்ணம் அவ கையில இருந்துச்சு. நான் பண்ணினதை அவ திருப்பிப் பண்ணியிருக்கலாம். ஏன் பண்ணலை?"

வைத்தியரம்மா விறகைத் தள்ளி விட்டாங்க. "இப்ப வருவா. அவகிட்டயே கேளுங்க."

லோசனி நடந்தே வந்தா. கையில வாழைப்பழம், பாதி தின்னது. கடேசன் அவ உசரத்துக்குக் குந்தி உக்காந்தாரு.

"நேத்து நான் சிரிச்சப்பவே ஏன் ஊத்தலை நீ?"

இது கூடத் தெரியாதான்னு அவரைப் பார்த்தா.

"புரை ஏறும்ல, மாமா."

கடேசன் தலையைக் குனிஞ்சாரு.

பழத்தோட பசை ஒட்டின கையால லோசனி அவரு உச்சந்தலையை ரெண்டு தட்டு தட்டினா. அப்புறம் முன்னாடி வந்து சம்மணம் போட்டு உக்காந்தா.

"ஆடு கத்து."

கடேசன் கழுத்தை நீட்டினாரு. கன்னத்தை உள்ள இழுத்தாரு. வாயைத் திறந்தாரு. சத்தம் வரலை.

லோசனி காத்திருந்தா.